நான்கு துளைகள், ஒரே கேபிள்

கேமராவின் மெமரி கார்டுகள் சிலவற்றை ஒரே நேரத்தில் கணினிக்கு மாற்ற ஒரு கார்டு ரீடரைத் தேர்ந்தெடுப்பது ஏன் இவ்வளவு கடினமாக இருக்க வேண்டும்? பெட்டியின் மேல் நான்கு துளைகளைப் பெரிதாகக் காட்டுபவர்கள், அவற்றுள் எத்தனை ஒரே சமயத்தில் இயங்கும் என்பதை மட்டும் பெரும்பாலும் சொல்வதில்லை. வாங்கிய பின்னர்தான், ஒரு கார்டு தெரிந்தால் மற்றொன்று மறைந்துவிடும் என்ற உண்மை சில ரீடர்களில் வெளிப்படுகிறது.

வேகக் கணக்கு இதைவிட மோசம். யூஎச்எஸ்-2 என்ற அதிவேக வகை எஸ்டி கார்டின் பின்புறத்தில் இரண்டாவது வரிசையாகத் தொடுமுனைகள் இருக்கின்றன. அவற்றைத் தொடாத ரீடரில் செருகினால், நொடிக்கு 312 மெகாபைட் வரை செல்லக்கூடிய இணைப்பு பொதுவாக யூஎச்எஸ்-1 வகையின் உச்சமான 104 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். அதிக விலை கொடுத்து வாங்கிய கார்டு, மாட்டுவண்டிக்குப் பின்னால் சிக்கிய பேருந்தைப் போல ஊர்ந்து வரும். ரீடரைக் கணினியோடு இணைக்கும் யூஎஸ்பி, 3.0, 3.1 ஜென் 1, 3.2 ஜென் 1 என்று மூன்று பெயர்களில் வந்தாலும் நொடிக்கு அதே 5 ஜிகாபிட் வேகம்தான் (இதனால் யாருக்கு என்ன நன்மை என்பது பெயர் வைத்தவர்களுக்கே வெளிச்சம்). அந்த வேகத்தையும் எல்லாத் துளைகளும் ஒரே கேபிளில் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒற்றைத் துளை ரீடர்கள் இரண்டைத் தனித்தனிப் போர்ட்டுகளில் இணைப்பதே மேல் என்று தோன்றுகிறது. ஆனால் மெல்லிய மடிக்கணினிகளில் அதற்குரிய போர்ட்டுகளையும் குறைத்துவிட்டார்களே!