முதல் பத்துக் கட்டுரையோடு முடிந்ததாம்

சனிக்கிழமை ஆய்வுத் தலைப்புக் கூட்டத்தில் நடந்ததைப் பற்றி எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். ஆனால் "அக்கா, ஏன் வாயைத் திறக்காமல் இருந்தீங்கள்?" என்று மூன்று நாளாக உள்பெட்டியில் வந்து கேட்கிறீர்கள். சரி, திறக்கிறேன்.

அங்கே ஒரு பிள்ளை ஆய்வுக்கென்று எடுத்து வந்த தலைப்பு கண்ணாடி விரியன் கடி. கூட்டத்தில் இருந்த பெரியவர், மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் இணையத்தளமான பப்மெட்டைத் திரையில் திறந்தார், இரண்டு சொல் அடித்தார், மேலே வந்த பழைய கட்டுரையைக் காட்டி, "இதுக்குப் பிறகு ஒருத்தரும் ஒண்டும் செய்யேல்லை. பப்மெட்டின்ர வடிவத்தை மாத்தின பிறகு இதில ஒண்டும் பிடிக்க ஏலாது" என்றார். பக்கத்தைக் கீழே உருட்டவும் இல்லை.

ஐயா, அது முதற்பக்கம். நாம் மாற்றாவிட்டால் அதில் பத்தே கட்டுரைதான் வரும். முன்பு புதியது மேலே நிற்கும். 2020இல் புதிய முகப்பு வந்த பிறகு 'பெஸ்ட் மேட்ச்' வரிசைதான் முதலில் வருகிறது. ஆட்கள் முன்பு தேடிச் சொடுக்கியதைப் பார்த்துப் பழகிய இயந்திரம், பொருத்தம் என்று தனக்குப் பட்டதை மேலே ஏற்றுகிறது. பழைய கட்டுரை மேலே வந்தால் புதியது இல்லை என்று அர்த்தமா? 'மோஸ்ட் ரீசன்ட்' என்று மாற்ற, தேத்தண்ணி ஒரு மிடறு விழுங்கும் நேரம் போதும்.

"நூலகத்தில இருக்கிற உனக்கு மருத்துவம் என்ன தெரியும்" என்பீர்கள். தெரியாதுதான். தம்பலகாமத்து வயலில் அப்பாவை விரியன் கடித்து, ஆஸ்பத்திரி வாங்கில் இரவிரவாகக் கைபேசியோடு இருந்தபோது எனக்கும் ஒன்றும் அகப்படவில்லை. அந்தப் பாம்பைப் பழைய கட்டுரைகள் 'வைப்பெரா ரசெலி' என்கின்றன, இப்போது எழுதுபவர்கள் 'டபோயா' என்கிறார்கள் என்று பிறகுதான் பிடிபட்டது. இரண்டில் எது இருந்தாலும் கொண்டுவரச் சொல்லும் 'ஓஆர்' போட்டு இரண்டையும் சேர்த்த அன்று திரை நிறைந்தது. அப்பா அதற்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டார், அது வேறு கதை.

"பழைய பப்மெட்தான் நல்லது" என்பவர்களுக்கு ஒரு விடயத்தில் நானும் ஆமாம் போடுவேன். நாம் அடித்த சொல்லை அது எப்படி விளங்கிக்கொண்டது என்பது முன்பு முடிவுகளுக்குப் பக்கத்திலேயே தெரியும். இப்போது 'அட்வான்ஸ்ட்' பக்கத்துக்குப் போய், தேடல் வரலாற்றில் 'டீடெயில்ஸ்' அம்புக்குறியை அமத்த வேண்டும். ஒளித்து வைத்தது அவர்கள் பிழை. போய்ப் பார்க்காதது யார் பிழை? நம் சொல்லை அது எந்த மெஷ் தலைப்போடு, அதாவது கட்டுரைகளுக்கு ஒட்டி வைக்கும் பொதுவான பொருட்தலைப்போடு, சேர்த்தது, எதைச் சேர்க்காமல் விட்டது எல்லாம் அங்கேதான் கிடக்கிறது. அதற்காக மெஷ்ஷை மட்டும் நம்பியும் இருக்க முடியாது, பப்மெட்டுக்குள் இருக்கும் மெட்லைன் என்ற தொகுப்பில் சேராத கட்டுரைகளுக்கு அந்தத் தலைப்பே கிடையாது.

கூகிளில் தேடலாமே என்பவர்கள் தேடுங்கள், கண்ணாடி விரியன் சுவரொட்டி நிறைய வரும்.

எனக்குக் கோபம் பப்மெட்டில் இல்லை. பத்துக் கட்டுரையைப் பார்த்துவிட்டு, எல்லாருக்கும் முன்னால் அந்தப் பிள்ளையிடம் "வேறு தலைப்புப் பார்" என்றதில்தான். நான் எழும்பி, "சேர், வரிசையை மாத்திப் பாப்பமா?" என்றேன். "தங்கச்சி, நீங்கள் புத்தகத்துக்கு முத்திரை குத்துங்கோ" என்றார். மண்டபம் சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள், சிலர்.

நேற்றுப் பின்னேரம் அந்தப் பிள்ளை வந்தாள். மூடும் நேரம் வரை இருந்தோம். முதற்பக்கத்தை இருநூறாக்கி, புதியது மேலே வர வைத்தோம். அவள் கொப்பியில் இரண்டு பக்கம் நிறைந்துவிட்டது. இன்றைக்கும் வருகிறாளாம். அதற்குள் நாற்பது புத்தகத்துக்கு முத்திரை குத்த வேண்டும்.