நாட்டுப் பெயர் ஸ்டிக்கரை நம்பிச் சண்டை போடாதீர்கள்

2022இல் இலங்கையில் பெற்றோல் வரிசையில் நின்று அலுத்த பிறகு மலையகத்திலும் சைக்கிளைப் பற்றிப் பேசுகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் வந்து நிற்பது ஒரே இடத்தில்: "ஜப்பான் சைக்கிள்தான் சைக்கிள், சைனா சாமான் ரெண்டு மாசம் தாங்காது, இந்தியன் என்றால் பாரம், லுமாலா நம்ம நாட்டு சாமான், அதை வாங்கு." இதில் ஒன்றுகூட நாம் நினைக்கிற அளவுக்கு நேரான கதை இல்லை.

ஜப்பானையே எடுத்துக்கொள்வோம். முன்னால் கூடை வைத்து, கொள்கலனில் வந்து இறங்குகிற பழைய சைக்கிள்கள் இருக்கின்றனவே, அவை ஜப்பானில் ஓடியவைதான், பொய்யில்லை. ஆனால் ஜப்பான்காரர்கள் கடைக்கும் ஸ்டேஷனுக்கும் ஓட்டுகிற சாதாரண சைக்கிள்களில் பெரும்பகுதி பல வருடங்களாகவே சீனாவில் செய்து அங்கே இறக்குமதியானவை. அங்கே ஓடிப் பழசாகி இங்கே வந்தால் "ஜப்பான்", புதுசாக நேரே வந்தால் "சைனா சாமான்". கப்பல் சுற்றி வந்ததற்கா இந்த மரியாதை?

ஷிமானோ கியர் அசல் ஜப்பான்தானே என்பீர்கள். கம்பனி ஜப்பான்தான், ஒசாக்கா பக்கத்து சாகாய் நகரத்தில் 1921இல் தொடங்கியது. ஆனால் 1970களிலேயே சிங்கப்பூரில் தொழிற்சாலை போட்டுவிட்டார்கள், அப்புறம் மலேசியா, சீனா. உங்கள் பின்சக்கரத்தில் இருப்பது எங்கே செய்தது என்று சாமானைத் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும்.

பழைய ஆட்கள் இன்னும் ரலி சைக்கிளைப் பற்றிப் பெருமூச்சு விடுவார்கள். முன்னால் கொக்குத் தலைச் சின்னம், இங்கிலாந்துச் சாமான், இரும்பு என்றால் அதுதான் இரும்பு. அந்த ரலி நொட்டிங்ஹாமில் சைக்கிள் பொருத்துவதை 2002இலேயே நிறுத்திவிட்டது. அதற்கு மூன்று கியர் கொடுத்த ஸ்டர்மி ஆர்ச்சர் 2000ஆம் ஆண்டே தாய்வான் கம்பனி கைக்குப் போய்விட்டது. 2012இல் ரலியையே நெதர்லாந்துக் குழுமம் ஒன்று வாங்கியது. கொக்கு மட்டும்தான் மிச்சம்.

தாய்வான் கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஜயன்ட் கம்பனி 1972இல் தொடங்கி, அமெரிக்காவின் ஷ்வின் போன்ற பெயர்களுக்கு ஓடருக்குச் சைக்கிள் செய்து கொடுத்துக்கொண்டிருந்தது. ஷ்வின் 1895இலிருந்து சிக்காகோவில் இருந்த கம்பனி. தன் வேலையைத் தாய்வானுக்குக் கொடுத்துக் கொடுத்து, கடைசியில் 1992இல் வங்குரோத்து. ஜயன்ட் அதற்குள் தன் பெயரிலேயே விற்கத் தொடங்கிவிட்டது. அடுத்தவன் பெயரில் வேலை செய்யும்போதே வெல்டிங்கும் டிசைனும் கணக்கும் கற்றுக்கொண்டுவிட்டார்கள். மலையகத் தமிழர் நாங்கள் கொழுந்து பறித்துக் கொடுத்து 150 வருடத்துக்கு மேல் ஆகிறது, தேயிலையின் விலையை யார் போடுகிறார்கள் என்றுகூட எங்களுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. அது வேறு கோபம், விடுங்கள்.

இப்போது நம்ம நாட்டுக்கு வருவோம். சீனச் சைக்கிள்கள் மலிவாக வந்து குவிகின்றன என்று ஐரோப்பா 1993இலிருந்தே அவற்றுக்குக் கூடுதல் தண்டனை வரி போட்டு வந்தது. 2005இல் அது 48.5 சதவீதம். 2013இல் அதே வரியை இந்தோனேசியா, மலேசியா, துனீசியாவோடு சேர்த்து இலங்கையிலிருந்து போகிற சைக்கிள்களுக்கும் நீட்டினார்கள். காரணம், சீனப் பாகங்களைக் கொண்டுவந்து இங்கே பூட்டி "இலங்கை" என்று அனுப்புகிறார்கள் என்ற சந்தேகம். இலங்கைக் கம்பனி ஒன்று வழக்குப் போட்டு 2015இல் வென்றது, மேன்முறையீட்டிலும் 2017இல் வென்றது, ஆனால் 2018இல் புதிதாக விளக்கம் எழுதி வரியை மறுபடி போட்டார்கள்! அதாவது ஒரு சைக்கிள் இலங்கையா சீனாவா என்று ஐரோப்பிய நீதிமன்றம்வரை போய் இழுபறிப்பட்டிருக்கிறது. நாம் டீக்கடையில் அரை நிமிடத்தில் தீர்ப்புச் சொல்கிறோம்.

அந்த வரிக்கு ஒரு கணக்கு இருக்கிறது. பாகங்களின் மதிப்பில் 60 சதவீதமோ அதற்கு மேலோ சீனாவிலிருந்து வந்தால் சிக்கல். ஆனால் கொண்டுவந்த பாகங்களின் மேல் இங்கே செய்த வேலையால் கூடிய மதிப்பு, உற்பத்திச் செலவில் 25 சதவீதத்தைத் தாண்டினால் விட்டுவிடுவார்கள். சாமான் எங்கிருந்தோ வரட்டும், இங்கே போதிய வேலை நடந்ததா என்பதுதான் கேள்வி.

இதை வாசித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் எங்கள் ஆட்களிடம் என்ன கேட்டது? அப்பா இங்கே பிறந்தாரா, இல்லாவிட்டால் தாத்தாவும் பூட்டனும் இங்கே பிறந்தார்களா, பத்திரம் காட்டு என்றது, காட்டமுடியாதவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். தோட்டத்து லயத்தில் பிறந்தவர்களுக்கு யார் பத்திரம் எழுதி வைத்தார்கள்? காட்டை வெட்டி, ரோடு போட்டு, கொழுந்து பறித்துச் சேர்த்த மதிப்பு எத்தனை சதவீதம் என்று ஒருவரும் கேட்கவில்லை. 1964இல் நம்ம பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்ப்போம் என்று பிரித்தார்கள். நாடற்றவர் என்ற நிலையை முடிக்கிற சட்டம் வர 2003 ஆனது. சைக்கிளுக்குப் பார்த்த நியாயம்கூட எங்களுக்குப் பார்க்கவில்லை. இத்தனையும் பட்ட நாங்களே இன்னொரு சாமானைப் பார்த்து "இது அசல் எந்த நாடு" என்று மூக்கைச் சுளிப்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

உடனே "அப்படியென்றால் உள்நாட்டுத் தொழில் வேண்டாமா" என்று கீழே கமெண்டில் வந்து கேட்பீர்கள். வேண்டும். பாணந்துறையில் லுமாலா சைக்கிளில் வேலை செய்கிற கைகளுக்குச் சம்பளம் கிடைப்பது நல்லதுதான். டிஎஸ்ஐ டயர் வாங்கினால் இந்த நாட்டில் ஒருவருக்கு வேலை. அதைச் சொல்லி விற்கட்டும், நானும் வாங்குவேன். நாட்டின் பெயரைச் சொல்லித் தரத்தை விற்காதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான். தலவாக்கலையிலிருந்து ஹட்டன் போகிற ரோட்டு வளைவில் இறங்கும்போது பிரேக் பிடிக்கிறதா என்பதற்கும் கொடிக்கும் சம்பந்தமில்லை.

எனக்குத் தேவை ஒரு சின்ன ஒழுங்கு. ஃபிரேம் வெல்டிங் செய்தது எங்கே, கியரும் பிரேக்கும் எங்கே செய்தவை, கடைசியாகப் பொருத்தியது எங்கே: மூன்று வரி, மூன்று மொழியில், சைக்கிளிலேயே ஒட்டி வைக்கவேண்டும். கடைக்காரரிடம் கேட்டால் "எல்லாம் ஒரிஜினல்தான் தம்பி" என்பார், எந்த ஊர் ஒரிஜினல் என்று மட்டும் சொல்லமாட்டார்.