மாமா இன்னும் உழவு மெசின் தடத்தில்தான் நடக்கிறார்

பொங்கலுக்குக் கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து இலங்கையின் வடக்கிலுள்ள பளைக்குப் போயிருந்தேன். மாமாவின் தென்னங்காணி முகமாலைப் பக்கம். மிதிவெடி அகற்றி, கையெழுத்து வாங்கி, காணியைக் கையளித்துச் சில வருடங்களாகின்றன. வைத்த கன்றுகள் நெஞ்சளவுக்கு வந்துவிட்டன. ஆனால் மாமா உழவு மெசின் போன தடத்தை விட்டுக் கால் வைப்பதில்லை. நான் வடலிப் பக்கம் ஒதுங்கினேன். "தம்பி, தடத்தில வா" என்றார், திரும்பிப் பார்க்காமலே.

லித்துவேனியா, லத்வியா, எஸ்தோனியா, பின்லாந்து, போலந்து ஆகிய ஐந்து நாடுகளும் மிதிவெடியைத் தடைசெய்யும் ஒட்டாவா சமவாயத்திலிருந்து விலகுவதாக 2025இல் அறிவித்தன. அன்றிலிருந்து அந்தக் குரல்தான் என் காதில் நிற்கிறது.

அவர்களுடைய பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஐந்தும் ரஷ்யாவோடு எல்லை உள்ள நாடுகள். ரஷ்யா இந்தச் சமவாயத்தில் சேரவேயில்லை. உக்ரைன் படும் பாட்டைப் பார்த்துக்கொண்டு யாரால் நிம்மதியாகத் தூங்க முடியும்? ஆனால் எங்களூரிலும் இரண்டு தரப்பும் போட்டது இதே கணக்குத்தானே. கிளாலியிலிருந்து யாழ்ப்பாணத்து நாகர்கோவில் வரை முன்னரங்கு நகர நகர இராணுவமும் புதைத்தது, புலிகளும் தாங்களே செய்த ஜொனி மிதிவெடியைப் புதைத்தார்கள். படைகளை அது எவ்வளவு நாள் மறித்தது என்று தெரிந்தவர்கள் சொல்லட்டும். சனத்தை மறித்தது 2009இல் போர் முடிந்த பிறகும்தான்.

சமவாயத்தின் 20ஆம் உறுப்புரையை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். விலகுவதாக அறிவித்து ஆறு மாதம் போக வேண்டும். அப்போது அந்த நாடு போரில் இருந்தால், போர் முடியும் வரை விலகல் செல்லாது. பயம் தலைக்கேறும் நேரத்தில் கைவிடக்கூடாது என்றுதான் 1997இல் அப்படி எழுதினார்கள். உக்ரைன் இதில் 2005இலேயே சேர்ந்த நாடு. போரில் இருப்பதால் விலக முடியாமல், இப்போது 'இடைநிறுத்தம்' என்கிறது. அப்படியொரு வழி சமவாயத்தில் இல்லவே இல்லை. இதை ஏற்றுக்கொண்டால் நாளைக்கு எந்தப் போர்ச் சட்டமும் போர் இல்லாத காலத்துக்கு மட்டும்தான் மிஞ்சும்.

நோர்வேக்கும் ரஷ்யாவோடு எல்லை இருக்கிறது. நேட்டோ நாடுதான். அது விலகவில்லை. வேறு வழியே இல்லை என்ற பேச்சை நான் ஏற்காததற்கு அது ஒன்றே போதும்.

முகமாலையில் மிதிவெடி அகற்றும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். முகத்தில் கண்ணாடிக் கவசம், உடம்பில் பாரமான அங்கி, கையில் விறாண்டி. சிவப்புத் தடிகளுக்கு நடுவே முழங்காலில் இருந்து மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கிறார்கள். மத்தியான வெயிலில் ஒரு பாய் அகலம்கூட முன்னேறியிருக்கமாட்டார்கள். புதைப்பதற்கு எவ்வளவு நேரம் எடுத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

இலங்கை ஒட்டாவா சமவாயத்தில் சேர்ந்ததே 2017 டிசம்பரில்தான், போர் முடிந்து எட்டு வருடம் கழித்து. நாட்டைத் துப்புரவாக்க 2028 ஜூன் 1 வரை தவணை. அதை முடிப்பது முதல் வேலை. சிறு குண்டுகளைச் சிதறவிடும் கொத்தணிக் குண்டுகளைத் தடைசெய்யும் இன்னொரு சமவாயத்தின் 2019 மாநாட்டுக்குத் தலைமை தாங்கியதும் இதே இலங்கைதான். லித்துவேனியா 2025 மார்ச்சில் அந்தச் சமவாயத்திலிருந்தும் வெளியேறிவிட்டது. ஆகவே, "புதைக்காதீர்கள், நாங்கள் இன்னும் தோண்டிக்கொண்டிருக்கிறோம்" என்று அந்த ஐந்து நாடுகளின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டிய இடத்தில் கொழும்பு இருக்கிறது. அடுத்த ஒட்டாவா சமவாயக் கூட்டத்தில் இலங்கைப் பிரதிநிதி அதைச் சொல்ல வேண்டும். முடிந்தால் முகமாலையில் விறாண்டி பிடித்த ஒரு பெண்ணையும் கூட்டிக்கொண்டு போகட்டும்.