அத்தி பூக்கவில்லை என்று யார் சொன்னது?

எப்போதாவது நடப்பதை ‘அத்தி பூத்தாற்போல’ என்கிறோம். நேற்றுகூட, நேரத்துக்கு அலுவலகம் வந்துவிட்ட நண்பரைப் பார்த்து நானே சொன்னேன். பாவம் அத்தி. வருடத்துக்குப் பலமுறை, அடிமரத்திலிருந்தே கொத்துக் கொத்தாகப் பூத்துத் தள்ளுகிற மரத்தின்மேல் இப்படி ஒரு பழி.

அத்தி நடுச்சாமத்தில் பூக்கும், விடிவதற்குள் தேவர்கள் பறித்துப் போய்விடுவார்கள் என்பார் என் பாட்டி. ஒருநாள் இரவு காவல் காக்கத் திட்டம் போட்டுப் பயத்தில் போர்வைக்குள் முடங்கிவிட்டேன். நல்லவேளை, வீணாகக் கொசுக்கடி வாங்கியிருப்பேன்.

பூக்கள் இருப்பது நாம் ‘காய்’ என்று சொல்வதற்குள்ளே. சட்டைப்பையைப் புரட்டுவதுபோல் ஒரு பூங்கொத்தை உட்புறமாகப் புரட்டி, வாயைச் சுருக்கிக் கட்டினால் அதுதான் அத்திக்காய். உட்சுவர் முழுக்க நூற்றுக்கணக்கில் பொடிப் பூக்கள். ஆலும் அரசும் இத்தியும் இதே சாதிதான்.

போன ஞாயிறு, சிவக்கத் தொடங்கிய ஒரு காயை அக்கா மகளுடன் உட்கார்ந்து பிளந்தேன். கொசுவைவிடச் சிறிய குளவிகள் ஊர்ந்து வந்தன. பெண் குளவி காயின் நுனியிலுள்ள ஊசித்துளை வழியாக நெருக்கியடித்து உள்ளே போகும். போகும்போதே சிறகுகள் பிய்ந்துவிடும். கொண்டுவந்த மகரந்தத்தைப் பூக்களில் சேர்த்து, சில பூக்களில் முட்டையிட்டு, அங்கேயே செத்துப்போகும். பிள்ளைகளில் முதலில் வெளிவருபவை ஆண்கள். அவற்றுக்குச் சிறகே கிடையாது. பெண்களோடு கூடி, அவை வெளியேறச் சுவரைக் குடைந்து வழி செய்துவிட்டு மடியும். பெண்கள் புது மகரந்தத்தைச் சுமந்துகொண்டு அடுத்த மரத்தைத் தேடிப் பறக்கும். வெளியுலகில் அவற்றின் ஆயுள் ஓரிரு நாள்தான். இந்த ஏற்பாடு பல கோடி ஆண்டுகளாக நடக்கிறதாம்.

(அப்படியானால் அத்திப்பழம் சைவமா என்று கேட்டு வராதீர்கள். கடையில் வாங்கும் சீமை அத்தியில் பல ரகங்கள் குளவியே இல்லாமல் காய்ப்பவை. நாட்டு அத்தி சாப்பிடுகிறவர்கள் கண்ணை மூடிக்கொள்ளலாம்.)

எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. பூவாமல் காய்க்கும் மரத்துக்குக் ‘கோளி’ என்று தனிப்பெயரே வைத்தவர்கள் நம்மவர்கள். பூ கண்ணில் படாததை அவ்வளவு கூர்ந்து கவனித்திருக்கிறார்கள். ‘அத்திப் பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு’ என்று உள்ளே இருந்ததையும் பார்த்திருக்கிறார்கள். பூவைக் காணோம் என்ற புதிரும் புழு இருக்கிறது என்ற விடையும் ஒரே பழத்தில் கையில் இருந்தன. ஆனால் அந்தப் பழமொழியை நாம் பயன்படுத்துவதோ, ‘கிளறாதே, நாறும்’ என்று ஒருவர் வாயை அடைக்க! பிட்டுப் பார்த்தவர் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கலாம்.

அக்கா மகள் ஒன்றுதான் கேட்டாள்: “அந்த ஆண் பூச்சி மரத்தையே பார்க்காதா மாமா?” பெரும்பாலும் பார்க்காது என்றேன். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை வாசல் திண்ணையில் ஏழெட்டு ஆலம்பழங்கள் கிடந்தன, எல்லாம் இரண்டிரண்டாகப் பிளந்து.