டேகுவில் ஒரு தற்காப்பு ஆலோசனை

(தென்கொரியாவின் டேகு நகரம். பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் ஒரு வாடகை அறை. முருகேசன் ஆராய்ச்சிக்கு வந்து வருடக்கணக்காகிறது; பாலா புதிதாக வந்தவன். அடுப்பில் ரசம்.)

பாலா: அண்ணே, ஹாப்கிடோ என்கிற கொரியத் தற்காப்புக் கலை வகுப்பில் சேரலாம் என்று இருக்கிறேன்.

முருகேசன்: முதலில் சோறு வடிக்கக் கற்றுக்கொள். நேற்று நீ செய்தது சோறா கஞ்சியா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

பாலா: கேலி வேண்டாம் அண்ணே. தெருமுனையில் மூன்றாவது மாடியில் பயிற்சிக்கூடம் இருக்கிறதே...

முருகேசன்: கோழி வறுவல் கடைக்கு மேலேயா? நீ மூன்றாவது மாடிக்குப் போய்ச் சேரவே மாட்டாய். கீழேயே வாசனை உன்னை மடக்கிப் போட்டுவிடும்.

பாலா: இந்த ஊருக்கு வந்துவிட்டு இதைக் கற்காமல் திரும்பினால் அவமானம். ஹாப்கிடோ பிறந்ததே டேகுவில்தான். இரண்டாம் உலகப் போர் முடிந்து ஜப்பானிலிருந்து திரும்பிய சோய் யோங்-சுல் இங்கே பன்றி வளர்த்துக்கொண்டிருந்தார். 1948-இல் தீவனத்துக்காக ஒரு சாராய ஆலையில் காத்திருந்தபோது தகராறு வந்துவிட்டது. வம்புக்கு வந்தவர்களை மனிதர் அனாயாசமாக மடக்கிவிட்டார். அதைப் பார்த்த முதலாளியின் மகன் சியோ போக்-சப், "எனக்கும் சொல்லிக்கொடுங்கள்" என்று கூப்பிட்டாராம். பன்றிக்குத் தீவனமும் கிடைத்தது.

முருகேசன்: ரேஷன் கடை வரிசையில் எங்கள் பெரியம்மா இதைவிடப் பெரிய சண்டை போட்டிருக்கிறார். அவரை யாரும் குருவாக்கவில்லை.

பாலா: டேக்வாண்டோவில் உதைதான் அதிகம். இதில் மணிக்கட்டை முறுக்குவது, தூக்கி எறிவது, குட்டைத்தடி, கைத்தடி எல்லாம் உண்டு.

முருகேசன்: கைத்தடியா? அது யாருக்கு?

பாலா: வயதானவர்களுக்கும் பயன்படுமே. உங்களை நினைத்துக்கொண்டேன்.

முருகேசன்: ரசத்தை நீயே இறக்கு.

பாலா: கோபப்படாதீர்கள். என் கையைப் பிடியுங்கள், காணொளியில் பார்த்ததைக் காட்டுகிறேன். எதிராளி இழுத்தால் நாம் எதிர்த்து இழுக்கக்கூடாது. அவர் போக்கிலேயே போய், வட்டமாகத் திருப்பி...

முருகேசன்: சரி, திருப்பு.

பாலா: திருப்பிக்கொண்டுதான் இருக்கிறேன்.

முருகேசன்: அப்படியா? எனக்குத் தெரியவே இல்லையே.

பாலா: நீங்கள் இழுக்க வேண்டும் அண்ணே! மரம் மாதிரி நின்றால் நான் யாருடைய பலத்தைப் பயன்படுத்துவது?

முருகேசன்: திருடன் வந்தால் "ஐயா, கொஞ்சம் இழுங்கள்" என்று கேட்பாயா? அதுசரி, இந்த ஊரில் திருடனுக்கு எங்கே போவாய்? காபிக்கடை மேசையில் மடிக்கணினியை வைத்து இடம் பிடித்துவிட்டு வெளியே போகிறார்கள். யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

பாலா: சண்டைக்கு மட்டும் இல்லை அண்ணே. ஆரம்பத்தில் நிறைய நாள் விழத்தான் சொல்லிக்கொடுப்பார்கள். முன்னால், பின்னால், பக்கவாட்டில்.

முருகேசன்: பணம் கட்டி விழுவதா? போன ஜனவரியில் நான் இலவசமாக விழுந்தேன்.

பாலா: அதைத்தான் சொல்ல வந்தேன். இங்கே பனி பெய்வதே அபூர்வம். அது விழுந்த அன்றைக்கு நீங்களும் விழுந்தீர்கள். அதுவும் கையை ஊன்றி! அப்படி ஊன்றினால் மணிக்கட்டு போய்விடும். முகவாயை மார்போடு ஒட்டிக்கொண்டு, தலை தரையில் படாமல், கை முழுவதாலும் தரையை ஓங்கி அறைந்து விழ வேண்டும்.

முருகேசன்: (மணிக்கட்டைத் தடவியபடி) ஒரு கையில் முப்பது முட்டைத் தட்டு இருந்தது. இன்னொரு கையைத்தானே ஊன்றினேன்?

பாலா: முட்டை ஏதாவது பிழைத்ததா?

முருகேசன்: அதை எதற்கு இப்போது கிளறுகிறாய்? அங்கே வயது கேட்பார்களா?

பாலா: அண்ணே! நீங்களும் வருகிறீர்களா?

முருகேசன்: இந்த உதை, முறுக்கு, தடி எதுவும் எனக்கு வேண்டாம். விழக் கற்றுக்கொண்டதும் திரும்பி வந்துவிடுவேன். அதற்கு மட்டும் கட்டணம் எவ்வளவு என்று கேட்டு வா. முட்டைத் தட்டோடு விழுவது அதில் அடங்குமா என்றும் கேள்.