காபிக் கெண்டியில் பால் குடித்த பிள்ளை

சார்லி சாப்ளினின் 'தி கிட்' என்ற மௌனப் படம் பற்றி எழுதுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் லாரிக் காட்சியில்தான் ஆரம்பிப்பார்கள். அனாதை விடுதி லாரியிலிருந்து பையன் கைநீட்டிக் கதறுவான், வளர்த்தவன் கூரை கூரையாக ஓடிவந்து குதிப்பான், கட்டிப்பிடித்து முத்தம் கொடுப்பான், பார்க்கிற நமக்குக் கண் நிறையும். பெரிய காட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த அழுகைக்கான கூலி வேலை முழுவதும் அதற்கு வெகு முன்பே, ஒரு ஒழுகல் மச்சு அறைக்குள் கத்தரிக்கோலும் கந்தல் துணியுமாக நடந்து முடிந்துவிட்டது என்பது என் கட்சி. அந்த அறையைச் சரியாகப் பார்க்காதவர்களுக்கு லாரிக் காட்சி வெறும் சென்டிமென்ட்.

1921ல் வந்த படம். ஒரு தாய் பச்சைக் குழந்தையைப் பணக்கார வீட்டு வாசலில் நிற்கும் காருக்குள் வைத்துவிட்டுப் போகிறாள். காரைத் திருடிக்கொண்டு போனவர்கள் குழந்தையை ஒரு சந்தின் குப்பை ஓரம் போட்டுவிடுகிறார்கள். அந்த வழியாக நம் நாடோடி, அதாவது சாப்ளின், வருகிறான். அவன் முதலில் குனிந்து கொஞ்சுவதில்லை, மேலே பார்க்கிறான். அந்தச் சந்தில் ஜன்னல் வழியாகக் குப்பை விழுவது வழக்கம், இதுவும் அப்படி விழுந்ததோ என்று! பிறகு தள்ளிவிடப் பார்க்கிறான். தள்ளுவண்டியோடு வந்த அம்மாவின் வண்டியில் வைக்கிறான், அடி விழுகிறது. ஒரு கிழவர் கையில் திணித்துவிட்டு ஓடுகிறான். கிழவர் அதே தள்ளுவண்டியில் போட, மறுபடியும் அடி இவனுக்கே. நடைபாதை ஓரம் உட்கார்ந்து சாக்கடை மூடியை ஒரு நொடி தூக்கிக்கூடப் பார்க்கிறான். சிரிப்புக்கு நடுவே அந்த ஒரு நொடியை வைக்க எவ்வளவு தைரியம் வேண்டும்! அதற்கப்புறம்தான் துணிக்குள் இருக்கும் சீட்டு கண்ணில் படுகிறது: இந்த அனாதைப் பிள்ளையை அன்போடு வளருங்கள் என்று. பெரிய மனமாற்றம் எதுவும் கிடையாது. தள்ளிவிட வழியில்லை, தூக்கிக்கொள்கிறான்.

இப்போது அந்த அறை. குழந்தை தூளி மாதிரி கட்டிய துணியில் கிடக்கிறது. மேலே கயிற்றில் ஒரு காபிக் கெண்டி தொங்குகிறது, அதன் மூக்கில் ரப்பர் நிப்பிள் மாட்டியிருக்கிறது. நம் வீடுகளில் சங்கும் பாலாடையும் செய்த வேலையை அங்கே கெண்டி செய்கிறது. பிள்ளை வாய் விலகினால் கெண்டி நகர்ந்துவிடும், அழுகை ஆரம்பிக்கும், அவன் எழுந்து திரும்ப வாயில் பொருத்துவான். கெண்டி கையைப் பிடிக்காமல் தானே நிற்பதால்தான் அவனுக்கு இரண்டு கையும் ஓய்வு. அந்த இரண்டு கையாலும் பழைய துணியைச் சதுரம் சதுரமாக வெட்டி அரைத்துணி தயார் செய்துகொண்டிருக்கிறான். நடுவில் தூளிக்கு அடியில் கையை வைத்துப் பார்க்கிறான், ஈரம். முகத்தில் அருவருப்பு இல்லை, யோசனைதான் ஓடுகிறது. ஒரு நாற்காலியை எடுத்து உட்காரும் இடத்தில் வட்டமாக வெட்டி ஓட்டை போட்டு, அடியில் எச்சில் படிக்கத்தை நகர்த்தி வைக்கிறான். பிரச்சினை தீர்ந்தது.

எல்லாம் சேர்த்து இரண்டு மூன்று நிமிடம் இருந்தாலே அதிகம். ஒரு வசனம் இல்லாமல் ஒரு தகப்பன் உருவாகிவிட்டான். ஒவ்வொரு சாமானும் வேறு எதற்கோ செய்தது, பிள்ளைக்காக வேலை மாறியது. குழந்தை வளர்ப்பு என்பது தாய்க்கு ரத்தத்தில் வருவது, ஆணுக்கு வராது என்று இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். நூறு வருஷத்துக்கு முன்னாலேயே ஒருவர் அதைக் கைவேலையாகக் காட்டிவிட்டார். ஈரம் பார்த்துத் துணி வெட்டத் தெரிந்தால் போதும்.

ஐந்து வருஷம் கழித்து அதே அறை. இப்போது அடுப்பில் பான்கேக் சுடுகிறவன் பையன், படுக்கையில் பத்திரிகை படிக்கிறவன் அப்பா. போர்வையின் ஓட்டைக்குள் தலையை நுழைத்தால் போர்வையே வீட்டு அங்கி. பான்கேக் அடுக்கை எண்ணிச் சரிபாதியாகப் பிரிக்கிறான். அந்தப் பங்கீட்டில் காட்டும் நேர்மையைப் பாருங்கள், சின்னப் பிள்ளைக்குக் கொஞ்சம் போதும் என்ற கணக்கே அங்கு கிடையாது.

தொழில்? பையன் முன்னால் போய் ஜன்னலில் கல் எறிவான். கண்ணாடியை முதுகில் சுமந்துகொண்டு இவன் தற்செயலாக வருவதுபோல் வந்து, மக்கு அப்பிப் புதுக் கண்ணாடி போட்டுக் காசு வாங்குவான். இடைவெளிதான் இதன் உயிர். சீக்கிரம் வந்தால் சந்தேகம், தாமதித்தால் வேறு ஆள் வந்துவிடுவான். கெடுவது எங்கே என்றால், பையன் எறியக் கையைப் பின்னால் வீசும்போது அது போலீஸ்காரர் மேல் படுகிறது. கல்லை நழுவவிட்டு ஒன்றும் தெரியாதவன்போல் நழுவும், பையனாக நடித்த ஜாக்கி கூகனைக் கவனியுங்கள், அப்போது அவனுக்கு ஐந்து வயதுதான். அடுத்து அப்பாவிடம் ஓடிவருகிறான். போலீஸ் பின்னால் வருவதைப் பார்த்த அப்பா, யாரோ தெருப்பிள்ளை என்பதுபோல் காலால் பின்னுக்குத் தள்ளித் தள்ளி விடுகிறான். பாசத்தைக் காலால் தள்ளிக் காட்டியது போன்ற ஒரு நகைச்சுவையை நான் வேறு படத்தில் பார்த்ததில்லை.

படத்தின் நடு முடிச்சு டாக்டர் வரும் இடம். பையனுக்குக் காய்ச்சல். நீ இவன் அப்பாவா என்று கேட்கிறார். நாடோடியின் பதில், 'பிராக்டிகலி.' திரையில் வரும் எழுத்தைக் குழந்தைகளுக்குப் படிச்சுச் சொல்கிறவர்கள் இந்த இடத்தில் திணறுவார்கள். 'கிட்டத்தட்ட' என்றால் நழுவல் ஆகிவிடும். 'செய்றதைப் பார்த்தா நான்தான்' என்று சொல்லுங்கள், அதுதான் பொருந்துகிறது. அந்தப் பழைய சீட்டையும் எடுத்துக் காட்டிவிடுகிறான். டாக்டருக்குச் சீட்டு போதும். முறையான கவனிப்பும் அக்கறையும் தேவை என்று சொல்லிவிட்டுப் போக, அந்தக் கவனிப்புதான் லாரியாக வாசலில் வந்து நிற்கிறது. கெண்டியையும் ஓட்டை நாற்காலியையும் பார்த்த நமக்கு அந்த வார்த்தை எப்படி எரியும்! அந்த எரிச்சல்தான் லாரிக் காட்சியின் பெட்ரோல்.

அந்த லாரி சாப்ளினுக்குக் கற்பனை இல்லை. 1896ல் ஏழு வயதில் லண்டன் லாம்பெத் ஏழைகள் விடுதிக்குப் போனவர், அங்கிருந்து ஹான்வெல் பள்ளிக்கு அனுப்பப்பட்டவர். 1919 ஜூலையில் அவருக்குப் பிறந்த முதல் ஆண்குழந்தை மூன்றே நாளில் இறந்தது. சில நாட்களுக்குள் இந்தப் படத்துக்குக் குழந்தைகளைத் தேர்வு செய்யத் தொடங்கிவிட்டார். திரையில் வந்த ஒவ்வொரு அடிக்கும் ஏறத்தாழ ஐம்பது அடி ஃபிலிம் செலவழித்த பிடிவாதத்துக்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும்.

ஒன்றை மறைக்கக் கூடாது. ஜாக்கியை அழவைக்க, அழாவிட்டால் நிஜமாகவே விடுதியில் விட்டுவிடுவேன் என்று அவனுடைய அப்பா மிரட்டியதாகச் சாப்ளினே சுயசரிதையில் எழுதியிருக்கிறார். படத்தை எவ்வளவு நேசித்தாலும் அது தப்புதான். பிற்பாடு ஜாக்கி சம்பாதித்த லட்சக்கணக்கான டாலர் அவன் கைக்கு வரவில்லை. 1938ல் அம்மாவின் மீதும் அவரை மறுமணம் செய்தவர் மீதும் வழக்குப் போட்டார், கிடைத்தது சொற்பம். அதன் விளைவாக 1939ல் கலிபோர்னியாவில் வந்த சட்டத்துக்கு இன்றும் கூகன் சட்டம் என்றே பெயர். குழந்தை நடிகரின் வருமானத்தில் 15 சதவீதத்தைத் தனிக் கணக்கில் பூட்டிவைக்க வேண்டும் என்பது இன்றைய விதி.

பார்க்கிறவர்களுக்கு: 1921 பிரதி சுமார் 68 நிமிடம். 1971ல், எண்பது வயதைத் தாண்டிய சாப்ளின் தாயின் சில காட்சிகளை வெட்டி, தானே இசையமைத்து வெளியிட்டது சுமார் 53 நிமிடம். குழந்தைகளோடு பார்க்க இரண்டாவதுதான் சரி. அதற்காகத் தாயாக நடித்த எட்னா பர்வையன்ஸ் இழந்தது கொஞ்சமில்லை. இணையத்தில் கிடைக்கும் பல பிரதிகளில் வேகம் தப்பு. நடக்கிறவர்கள் எல்லாக் காட்சியிலும் ஓடுவதுபோல் தெரிந்தால் மூடிவிட்டு, புதுப்பித்த பிரதியைத் தேடுங்கள். கெண்டிக் காட்சியின் நிதானம் போனால் படமே போச்சு.

கடைசிக்கு முன் வரும் தேவலோகக் கனவு தேவையில்லை என்று எழுத்தாளர் ஜேம்ஸ் பேரி சாப்ளினிடமே சொன்னார். நான் பேரி பக்கம். லாரியிலிருந்து மீட்ட பையனை மறுபடியும் தொலைத்துவிட்டு வாசற்படியில் சுருண்டு தூங்குகிறவனின் முகமே போதும், சிறகு கட்டிய நாய் வேண்டாம்.

அப்புறம் போலீஸ்காரர் எழுப்பிக் காரில் கூட்டிப் போகிறார். பெரிய வீடு, கதவைத் திறந்ததும் பையன் தாவிக் கழுத்தைக் கட்டிக்கொள்கிறான், தாய் உள்ளே அழைக்கிறாள். கதவு மூடுகிறது. அவன் அங்கேயே தங்குவானா, ஒரு வேளைச் சாப்பாட்டோடு கிளம்புவானா, படம் சொல்லவில்லை. பையன் யாரிடம் முதலில் தாவினான் என்பது மட்டும் தெளிவாக இருக்கிறது.