குழந்தைகள் இருக்கும் வீட்டுக்குக் குட்டி நாய் எதற்கு?

முழுப் பரீட்சை லீவு நெருங்கினாலே எனக்கு ஒரே மாதிரி போன் வர ஆரம்பித்துவிடும். "அண்ணா, பசங்க நாய் வேணும்னு உயிரை எடுக்குதுங்க. லேப்ரடார் குட்டி ஒன்னு பன்னண்டாயிரம் சொல்றான். வாங்கலாமா? இல்ல அதவிடக் கம்மியா வேற இன்னா கீது?"

நான் கால்நடை மருத்துவர் இல்லை. வீட்டில் எப்போதும் ஒரு நாய் உண்டு. தெருவில் இருப்பதையும் அவ்வப்போது பிடித்துக்கொண்டு போய் ஊசி போட்டு வருவேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன், பிடிக்காதவர்கள் தாண்டிப் போய்விடலாம்: வீட்டில் ஆறு வயசுக்குக் கீழே பிள்ளை இருக்கிறதா, கையில் காசும் அளவாகத்தான் இருக்கிறதா, குட்டியே வாங்காதீர்கள். லேப் குட்டியும் வேண்டாம், நாட்டுக் குட்டியும் வேண்டாம். ஒன்றரை, இரண்டு வயது தாண்டிய, குணம் தெரிந்த ஒரு நாட்டுப் பொட்டை நாயைக் கொண்டு வாருங்கள்.

இதைச் சொன்னதும் எதிர்முனையில் ஒரு மௌனம். பிறகு எல்லோரும் கேட்பது இதைத்தான்: "குட்டியில இருந்து வளத்தாதான பசங்களோட நல்லாப் பழகும்?"

குட்டிக்குப் பால்பல் ஊசி மாதிரி இருக்கும். நாலைந்து மாதத்தில் அது விழுந்து புதுப்பல் முளைக்கும்வரை வாய்க்கு எட்டியதையெல்லாம் கடிக்கும். செருப்பு, சோபா நுனி, பாப்பாவின் பாவாடை, பாப்பாவின் கை. மூன்று வயசுப் பிள்ளை என்ன செய்யும்? கையைத் தூக்கிக்கொண்டு கத்தி ஓடும். குட்டிக்கு அது விளையாட்டுக்குக் கூப்பிட்ட மாதிரி. இன்னும் வேகமாகத் துரத்தும், இன்னும் அழுத்திக் கடிக்கும். ஒரு வாரத்தில் பிள்ளைக்கு நாய் என்றாலே பயம். குட்டி மொட்டை மாடியில் கட்டப்பட்டிருக்கும். ஆசையாக வாங்கிய நாய் இப்படி மாடிக்குப் போன வீடுகள் எங்கள் வேலூரில் சத்துவாச்சாரியிலும் காட்பாடியிலும் எத்தனையோ.

இதில் இன்னொரு சங்கதி. எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி கற்றுக்கொள்வது தாயிடமும் கூடப்பிறந்த குட்டிகளிடமும்தான். ஒன்று அழுத்திக் கடித்தால் மற்றது கீச்சென்று கத்தி விளையாட்டை நிறுத்திவிடும். இந்தப் பாடம் நடப்பது நாலாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரம் வரைக்கும். நம் ஊரில் குட்டி கைமாறுவது எப்போது? "முப்பது நாள் குட்டி சார், சூப்பரா சாப்பிடுது." பாதிப் பள்ளிக்கூடத்தில் பையனை நிறுத்திக் கூட்டிவந்துவிட்டு, ஏன் கடிக்கிறது என்று கேட்கிறோம். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்று நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளில் 2017லேயே மத்திய அரசு எழுதிவைத்துவிட்டது. கேட்பவர் யார், பார்ப்பவர் யார்.

அடுத்து பார்வோ என்ற வைரஸ் நோய். குட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த நாலாம் நாள் சுருண்டு படுக்கும், வாந்தி, பிறகு ரத்தமாக பேதி. குளுக்கோஸ் ஏற்றினாலும் பிழைக்குமா என்பது அதன் அதிர்ஷ்டம். தாய்க்கு ஊசி போட்டார்களா, குட்டிக்குப் பூச்சி மருந்து கொடுத்தார்களா என்று தெரியாமல் சந்தையிலோ போனில் போட்டோ பார்த்தோ வாங்கினால் இந்த ஆபத்து எப்போதும் உண்டு. ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆரம்பித்து, மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் ஆகும்வரை தடுப்பூசி போட வேண்டும். நடுவில் விட்டால் போட்டதும் வீண். குட்டி செத்த வீட்டில் அந்தக் கிருமி மாதக்கணக்கில் இருக்கும், பினாயில் ஊற்றிக் கழுவினால் போகாது, ப்ளீச் வேண்டும். இது தெரியாமல் பிள்ளை அழுகிறதே என்று அடுத்த வாரமே இன்னொரு குட்டி கொண்டுவருகிறார்கள். அதுவும் போய்ச் சேருகிறது.

வீட்டுக்குள் மூத்திரம், மலம் துடைப்பது யார் என்பதையும் கேட்டுவிடுகிறேன். இரண்டு மாதக் குட்டியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே தூக்கிப்போக வேண்டும், ராத்திரியிலும். ஆசைப்பட்டது பிள்ளை, காசு கொடுத்தது அப்பா, துடைப்பது அம்மா. அந்த அம்மாவிடம் முதலில் அனுமதி வாங்கியவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

சரி, எந்த ஜாதி என்ற பேச்சுக்கு வருவோம்.

வேலூர் வெயில் நமக்கே தாங்குவதில்லை. அக்னி நட்சத்திரத்தில் நாற்பது டிகிரியைத் தாண்டிக்கொண்டு போகிறது, கோட்டை மதில் பக்கம் மாலையில் நடந்தால்கூட கல்லிலிருந்து அனல் அடிக்கும். நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வேர்க்காது, நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டை இறக்க வேண்டும். மூக்கு சப்பையான பக் ஜாதி நாய்க்கு அந்த மூச்சே சரியாக வராது. 2003இல் வந்த ஹட்ச் செல்போன் விளம்பரத்தைப் பார்த்து ஊரெல்லாம் பக் வாங்கினார்கள். பையன் பின்னாலேயே எங்கேயும் போகும் அந்த நாயை மே மாதம் பகல் பன்னிரண்டு மணிக்குப் பழைய பஸ் ஸ்டாண்டு வரை நடத்திக் கூட்டிப்போனால் என்ன ஆகும் என்று விளம்பரத்தில் காட்டமாட்டார்கள். ஹஸ்கியைப் பற்றி எழுதவே எனக்கு மனசு வரவில்லை. பனியில் வண்டி இழுக்கப் பிறந்த பிராணியை இங்கே ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே கட்டிவைக்கிறோம்.

லேப் நல்ல நாய். பிள்ளைகளோடு அதன் பொறுமைக்கு ஈடில்லை, மறுக்கவில்லை. ஆனால் வளர்ந்தால் இருபத்தைந்திலிருந்து முப்பத்தைந்து கிலோ. எட்டு மாதத்தில் உடம்பு பெரிசு, புத்தி குட்டி. வாலை ஆட்டினாலே இரண்டு வயசுப் பிள்ளை விழுந்துவிடும். பாக்கெட் தீவனம் மட்டும் போடுவதென்றால் மாதம் பத்து கிலோவுக்கு மேல் போகும். விலையை விசாரித்துவிட்டு நீங்களே பன்னிரண்டால் பெருக்குங்கள், பிறகு நாய் வாழும் பத்துப் பன்னிரண்டு வருஷத்தால் பெருக்குங்கள். வாங்கும் காசு அதற்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. பொமேரியன் சின்னது, சாப்பாடு கம்மி, ஆனால் பிள்ளை இறுக்கிப் பிடித்தால் பொறுத்துக்கொள்ளும் ரகம் இல்லை. வெடுக்கென்று ஒரு கடி உண்டு.

ராட்வீலர், பிட்புல் வேண்டும் என்று கேட்கும் அப்பாக்களிடம் ஒன்றுதான் சொல்வேன். 2024 மே மாதம் சென்னை ஆயிரம்விளக்குப் பகுதிப் பூங்காவில் ஐந்து வயசுப் பெண்குழந்தையை இரண்டு ராட்வீலர்கள் குதறிய செய்தியை ஒருமுறை தேடிப் படியுங்கள்.

"அப்போ நம்ம தமிழ்நாட்டு இனமே வாங்கிடலாமே, ராஜபாளையம், சிப்பிப்பாறை" என்று ஒரு கூட்டம் வரும். இனப்பற்று நல்லதுதான். ராஜபாளையத்துக்கு 2005இல் தபால்தலையே வெளியிட்டார்கள். ஆனால் அது வேட்டைக்கும் காவலுக்கும் வளர்த்த நாய். வெள்ளை நிறத்தோடு காது கேளாமையும் சில குட்டிகளுக்கு ஒட்டிக்கொண்டே வருகிறது. காது கேட்காத நாயைத் தூங்கும்போது பிள்ளை தொட்டால் அது திடுக்கிட்டுத் திரும்பும், முதலில் வருவது பல். சிப்பிப்பாறையும் கன்னி இன நாயும் முயல் துரத்த ஓடியவை. நிலம் இருக்கிறவர்கள், குடியாத்தம் பக்கம் தோப்பு வைத்திருப்பவர்கள் தாராளமாக வளர்க்கலாம். அறுநூறு சதுர அடி வாடகை வீட்டில் சங்கிலியில் கட்டினால் அதற்கும் தண்டனை, நமக்கும் தண்டனை. எந்த நாயாக இருந்தாலும் நாள் முழுக்கக் கட்டிவைத்தால் கடிக்கும் குணம் ஏறும்.

இப்போது நான் சொல்லும் நாட்டு நாய். தெருவில் திரிவதுதான், வேறெதுவும் இல்லை. பதினைந்து, பதினெட்டு கிலோ இருக்கும். லேப் சாப்பிடுவதில் பாதி போதும். கறிக்கடையில் கோழிக்கால், தலை, ஈரல் கொஞ்ச விலைக்குக் கொடுப்பார்கள். வேகவைத்து, வெந்த எலும்பை எடுத்துவிட்டு, சோற்றோடு பிசைந்து போடலாம். ஒருவேளை தயிர்சாதம், வாரத்தில் சில நாள் முட்டை. வெங்காயம் சேர்ந்த குழம்பு மட்டும் கூடாது, அது நாய்க்கு விஷம். திராட்சை, சாக்லேட் அப்படித்தான். பிள்ளைகள் கையிலிருப்பதை ஊட்டிவிடுவார்கள், சொல்லிவைக்க வேண்டும். தோல் வியாதி, இடுப்பெலும்புத் தேய்மானம் என்று டாக்டரிடம் அலைவது குறைவு. உண்ணி மட்டும் விடாது. இந்த ஊர்ச் சூட்டில் உண்ணி பெருகுவதைப் பார்த்தால் பயமாக இருக்கும். அதனால் காய்ச்சல் வந்து ரத்தம் குறைந்து சாகும் நாய்கள் நிறைய. காது மடலுக்குள், விரல் இடுக்கில் பார்த்து எடுக்க வேண்டும். டாக்டர் சொல்லும் மருந்தை மாதாமாதம் போட வேண்டும்.

குணம் தெரிந்த நாய் என்றேனே, அதுதான் இதில் முக்கியம். செவ்வாய்க்கிழமை பொய்கை சந்தைக்கு மாடு வாங்கப் போகிறவர் பல்லைப் பிடித்துப் பார்க்கிறார், நடக்கவிட்டுப் பார்க்கிறார், மடியைத் தொட்டால் உதைக்கிறதா என்று பார்க்கிறார். பிள்ளையோடு ஒரே வீட்டில் படுக்கப்போகும் நாயை மட்டும் போட்டோவில் பார்த்து முடிவு செய்கிறோம். குட்டியிடம் பார்ப்பதற்கு எதுவும் இல்லை, அது வளர்ந்து எப்படி வரும் என்று யாருக்கும் தெரியாது. இரண்டு வயசு நாயிடம் எல்லாம் வெளியே தெரியும்.

உங்கள் தெருவிலேயே பாருங்கள். காலையில் ஸ்கூல் வேன் வரும் நேரம் பிள்ளைகள் ஓடும்போது எது எழுந்து வாலாட்டுகிறது, எது உறுமுகிறது? பைக்கைத் துரத்தும் நாய் வேண்டவே வேண்டாம். பக்கத்தில் போய்க் குத்துக்காலிட்டு உட்காருங்கள், அதுவாக வரட்டும். உடம்பு இளகி வளைந்து வந்தால் நல்லது, விறைத்து நின்றால் விட்டுவிடுங்கள். பழகிய பிறகு காதைத் தொடுங்கள், காலைப் பிடியுங்கள், வாலை லேசாக இழுங்கள். பிள்ளை செய்யப்போவது அதைத்தான். ஒரு எவர்சில்வர் தட்டைக் கீழே போடுங்கள். திடுக்கிட்டாலும் திரும்பி வருகிறதா? சாப்பிடும்போது பக்கத்தில் போனால் என்ன செய்கிறது? இதையெல்லாம் ஒரே நாளில் பார்க்க முடியாது, சில வாரம் பழகுங்கள். குட்டி போட்டிருக்கும் தாயிடம் இந்த வேலையெல்லாம் வேண்டாம், எந்தத் தாயும் சீறும்.

இன்னொரு வழியும் உண்டு. நம் ஊரில் ஆஸ்பத்திரி வேலை, காலேஜ் வேலை என்று வந்து சில வருஷத்தில் மாற்றலாகிப் போகும் குடும்பங்கள் அதிகம். போகும்போது நாயை என்ன செய்வதென்று முழிப்பார்கள். அந்த வீட்டில் பிள்ளைகளோடு வளர்ந்த நாயாக இருந்தால், அது லேபாகவே இருந்தாலும், யோசிக்கலாம். தடுப்பூசி அட்டையைக் கேட்டு வாங்குங்கள். ஏன் கொடுக்கிறீர்கள் என்று இரண்டு தடவை கேளுங்கள், இரண்டு தடவையும் ஒரே பதில் வருகிறதா பாருங்கள்.

பொட்டை ஏன் என்றால், யாரும் எடுப்பதில்லை என்பது முதல் காரணம். கடுவன் குட்டியைத் தூக்கிக்கொண்டு போவார்கள், பொட்டைக் குட்டிகளைக் கோணிப்பையில் போட்டுப் பாலாற்றங்கரையில் விட்டுவிட்டு வருவார்கள். பொதுவாகப் பொட்டை வீட்டைவிட்டு அலைவதும் சண்டைக்குப் போவதும் குறைவு. குட்டி போட்டுவிடுமே என்ற பயத்துக்குக் கருத்தடை ஆபரேஷன் இருக்கிறது. அதற்குப் பிறகு கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கும் தொல்லையும் கிடையாது.

வீட்டுக்குக் கொண்டு வரும் முன் நேராக டாக்டரிடம். பூச்சி மருந்து, வெறிநாய்த் தடுப்பூசி, உண்ணி மருந்து. முதல் சில வாரம் பிள்ளையோடு தனியாக விடாதீர்கள். சொல்லப்போனால் ஐந்து வயசு வரை எந்த நாயோடும் எந்தப் பிள்ளையையும் தனியாக விடக்கூடாது, அது எவ்வளவு சாதுவாக இருந்தாலும். நாய் சாப்பிடும்போதும் தூங்கும்போதும் கிட்டே போகக்கூடாது, கட்டிப்பிடித்து முகத்தோடு முகம் வைக்கக்கூடாது. பிள்ளையின் முகமும் நாயின் வாயும் ஒரே உயரத்தில் இருப்பதால் கடி பட்டால் முகத்தில்தான் படும். நாய் கடிக்கும் முன் சொல்லிவிட்டுத்தான் கடிக்கும்: தலையைத் திருப்பும், உதட்டை நக்கும், தூக்கம் இல்லாமலே கொட்டாவி விடும், கண்ணின் வெள்ளை தெரியும். நாம்தான் அந்த நேரத்தில் போட்டோ எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

வீட்டு ஓனர் சம்மதம், பக்கத்து வீட்டுச் சம்மதம் இரண்டையும் முன்னாலேயே கேட்டுவிடுங்கள். எங்கள் பக்கம் தொழுகைக்குப் போகும் வழியில் நாய் உரசினால் பாய்க்குச் சங்கடம், ஒலு செய்தவர், அதாவது தொழுகைக்காகக் கைகால் முகம் கழுவியவர், மறுபடி துணி மாற்ற வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் கேட்டைச் சாத்தி வைத்தால் முடிந்தது. இதில் சண்டைக்கு என்ன இருக்கிறது?

பல்லோ நகமோ பட்டுவிட்டால், வீட்டு நாயாகவே இருந்தாலும், சோப்புப் போட்டுக் குழாய்த் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வைக்கக்கூடாது. அன்றைக்கே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரிக்கோ போய்விட வேண்டும். ஊசி அங்கே இலவசம்: அன்றைக்கு ஒன்று, அதிலிருந்து மூன்று நாள், ஏழு நாள், இருபத்தெட்டு நாள் கழித்து ஒவ்வொன்று. காயம் ஆழமாக இருந்தால் காயத்திலேயே போடும் இன்னொரு மருந்தும் உண்டு, அதையும் கேளுங்கள். பிள்ளைகள் திட்டு விழும் என்று பிராண்டியதை மறைப்பார்கள். அதனால் நாய் வரும் அன்றே சொல்லிவிடுங்கள்: எது பட்டாலும் சொல்லு, யாரும் அடிக்கமாட்டோம், நாயையும் விரட்டமாட்டோம்.

நாய்க்கு வெறிநாய்த் தடுப்பூசி வருஷா வருஷம். காசு இடித்தால் ஜூலை 6ஐக் குறித்து வையுங்கள். 1885இல் அந்தத் தேதியில்தான் பாஸ்டர், வெறிநாய் கடித்த ஒன்பது வயசுப் பையன் ஜோசப் மெய்ஸ்டருக்கு முதல் ஊசியைப் போட வைத்தார். அதையொட்டி அரசு கால்நடை மருத்துவமனைகளில் இலவசமாகப் போடுவது வழக்கம், செப்டம்பர் 28 உலக வெறிநாய்க்கடி நோய் தினத்திலும் உண்டு. இரண்டு நாள் முன்னால் உங்கள் பகுதி மருத்துவமனையில் விசாரித்துக்கொள்ளுங்கள். காலை எட்டு மணிக்கெல்லாம் போய்விடுவது நல்லது, பத்து மணிக்கு மேல் கூட்டம், வெயில், நாய்ச் சண்டை மூன்றும் சேர்ந்துகொள்ளும். கையில் நல்ல கயிறு, ஒரு பாட்டில் தண்ணீர். பிள்ளைகளை அன்றைக்கு வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.